புற்றுநோயும் இல்லறமும்

புற்றுநோய் என்னும் சொல் ஒரு வீட்டினுள் நுழைந்த அன்றே அங்கு பல கேள்விகள் எழுகின்றன. உயிர் பிழைக்குமா? சத்திரசிகிச்சை வேண்டுமா? எத்தனை நாள் வைத்தியசாலையில் தங்க வேண்டும்? செலவுக்கு என் செய்வது? பிள்ளைகளின் படிப்பு என்னாகும்? இவை யாவும் உரக்கக் கேட்கப்படுகின்றன. உற்றார் உறவினர் கூடியிருந்து விடை தேடுகின்றனர். ஆனால் நோயாளியின் நெஞ்சில் எழுந்து, நா நுனிவரை வந்து, மீண்டும் நெஞ்சினுள்ளேயே அடங்கிவிடும் கேள்வி ஒன்று உண்டு. "இனி நான் என் கணவருக்கு மனைவியாக வாழ இயலுமா?", "இனி நான் என் மனைவிக்குக் கணவனாக இருக்க இயலுமா?" என்பதே அது.

அக்கேள்வியைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைக் குடும்பத்தார் அனைவரும் மாறி மாறிப் படிப்பர், மாணவரும் படிப்பர். அவர்கள் முன்னிலையில் இவ்விஷயத்தைப் பேசலாமா எனச் சிலர் ஐயுறக்கூடும். இன்பத்தை வாழ்வின் மூன்றாம் பாலாக வகுத்து, அதற்கென 25 அதிகாரங்களை ஒதுக்கிய திருக்குறளை நாம் நமது மறையெனப் போற்றுகின்றோம். ஆதலின் இல்லற இன்பத்தைப் பற்றிப் பேசுதல் இழிவன்று. இழிவாகப் பேசுதலே இழிவு. அதிலும், நோயுற்ற ஒருவர் தம் உடம்பைப் பற்றி அறிய வேண்டியதை அறியாது வருந்தும்போது, நாகரிகம் கருதி வாய்மூடியிருப்பது நாகரிகமாகாது.

மூவரின் மௌனம்

இவ்விஷயத்தில் மூவர் மௌனம் சாதிக்கின்றனர். முதலாமவர் நோயாளி. "உயிர் தப்பியதே பெரிது, இந்த வயதில் இதையும் கேட்டால் வைத்தியர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?" என அவர் நாணுகிறார். இரண்டாமவர் அவருடைய கணவர் அல்லது மனைவி. "நோயால் வருந்தும் ஒருவரிடம் இதைப் பேசுவது சுயநலமல்லவா?" என அவர் அஞ்சுகிறார். மூன்றாமவர் வைத்தியர். "நோயாளி கேட்டால் விளக்கலாம், கேட்கவில்லையே, ஆகவே அவருக்குக் குறை எதுவும் இல்லை போலும்" என அவர் கருதிவிடுகிறார். நெரிசல் மிக்க கிளினிக்கில் அவருக்குக் கிடைக்கும் நேரமும் சொற்பமே. இவ்வாறு ஒவ்வொருவரும் மற்றவர் வாய் திறக்கட்டும் எனக் காத்திருப்பதால், ஒருவரும் வாய் திறப்பதில்லை.

நம்மவருக்கு இதில் வேறோர் இடரும் உண்டு. வைத்தியர் பேசும் மொழி நோயாளிக்குத் தெரியாத இடத்தில், மகனோ மகளோ உடன் நின்று மொழிபெயர்க்கின்றனர். தன் மகனின் வாய்வழியாக ஒரு தாய் எதைக் கேட்பாள்? வயிற்று நோவைக் கேட்பாள், உணவைக் கேட்பாள், அடுத்த முறை வரவேண்டிய திகதியைக் கேட்பாள். தன் இல்லறத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கமாட்டாள். பிள்ளையின் அன்பில் குறையில்லை. எனினும் அவ்வன்பே அவ்விடத்தில் ஒரு மதிலாக நின்றுவிடுகிறது.

முதலிற் பேச வேண்டியவர் யார்?

இதற்கு இக்கால வைத்திய உலகம் தெளிவான விடை தந்துள்ளது. அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியற் சங்கம், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வகுக்கப்பட்ட விதிகளைத் தழுவி, 2018 ஆம் ஆண்டில் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. நோயாளி கேட்கும்வரை காத்திராது, சிகிச்சைக் குழுவைச் சேர்ந்த ஒருவரே இப்பேச்சைத் தொடங்க வேண்டும் என்பதும், நோய் கண்டறியப்பட்ட காலத்திலேயே தொடங்கி இடையிடையே மீண்டும் விசாரிக்க வேண்டும் என்பதும் அதன் சாரம். நோயாளி விரும்பினால் மட்டுமே வாழ்க்கைத் துணைவரை உடன் சேர்த்துக்கொள்ள வேண்டும் எனவும் அது கூறுகின்றது.

எவ்வளவு பேசுவது என்பதற்கும் ஒரு முறை உண்டு. ஜாக் அன்னன் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1970களில் நான்கு படிகளை வகுத்தார். முதற்படி, "இதைப் பற்றி நீங்கள் கேட்கலாம்" என்று அனுமதி அளித்தல். இரண்டாம் படி, நோயாளிக்குத் தேவையான அளவு தகவலைச் சொல்லுதல். மூன்றாம் படி, அவருடைய குறைக்கேற்ற குறிப்பான யோசனைகளைக் கூறுதல். நான்காம் படி, நிபுணரிடம் நீண்ட சிகிச்சை பெறச்செய்தல். நான்காம் படி வரை ஏற வேண்டியவர் சிலரே. பலருக்கு முதலிரு படிகளே போதும். ஒரு தாதியும் முதற்படியில் நிற்கலாம். அதற்குப் பெரும் பட்டம் வேண்டியதில்லை, கனிந்த சொல்லே வேண்டும்.

ஆடவர் அறிய வேண்டியவை

அறிவு எவ்வளவு தூரம் மனித வாழ்வை மாற்றும் என்பதற்கு ஒரு வரலாற்றைக் கூறுவோம். சிறுநீர்ப்பையின் கீழே அமைந்துள்ள புரோஸ்டேட் சுரப்பியிற் புற்றுநோய் கண்டால், சத்திரசிகிச்சையால் அச்சுரப்பியை முற்றாக அகற்றுவது ஒரு வழி. முன்னாளில் அச்சிகிச்சை பெற்ற ஆடவர் ஏறக்குறைய அனைவரும் குறி விறைக்கும் ஆற்றலை இழந்தனர். அதற்குரிய நரம்புகள் சுரப்பியினூடே செல்கின்றன, ஆகவே இழப்புத் தவிர்க்க முடியாதது எனச் சத்திரசிகிச்சையாளர் நம்பியிருந்தனர். 1981 ஆம் ஆண்டில், பால்ற்றிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த பற்றிக் வோல்ஷ் என்பவர் ஒல்லாந்து தேசத்து லைடன் நகருக்குச் சென்றார். அங்கே பீற்றர் டொங்கர் என்னும் இளைப்பாறிய பேராசிரியருடன் சேர்ந்து, இறந்து பிறந்த ஓர் ஆண் சிசுவின் உடலில் அந்நரம்புகளின் பாதையைத் தேடினார். நரம்புகள் சுரப்பியினூடே செல்லவில்லை. அதன் வெளிப்புறத்திலேயே செல்கின்றன எனக் கண்டனர். 1982 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 26 ஆம் நாள், அந்நரம்புகளை வேண்டுமென்றே காத்து, சுரப்பியை மட்டும் வோல்ஷ் அகற்றினார்.

விதி என்று எண்ணியிருந்த ஒன்று அறியாமையின் விளைவாக இருந்தது. எனினும் இன்றும் எல்லார்க்கும் நரம்பைக் காக்க இயலாது. நோய் நரம்பை நெருங்கியிருப்பின் அதனையும் அகற்றியே ஆக வேண்டும். காத்த நரம்பும் உடனே இயங்குவதில்லை. இரண்டு ஆண்டு வரையும் மெல்ல மெல்லத் தேறுவதுண்டு. சுரப்பியை அகற்றிய பின் விந்து வெளிவராது. எனினும் இன்ப உணர்ச்சி இருக்கலாம். இதனை முன்னரே அறிந்தவர் பொறுமையுடன் இருப்பர். அறியாதவர் மூன்றாம் மாதத்திலேயே "எல்லாம் முடிந்தது" எனச் சுவரை நோக்கித் திரும்பிப் படுத்துவிடுவர்.

புரோஸ்டேட் புற்றுநோய்க்கு மற்றொரு சிகிச்சையும் உண்டு. ஆண்மை ஓமோனை அடக்கினால் நோய் தணியும் என்பதைச் சார்ள்ஸ் ஹகின்ஸ் என்பவர் 1941 இல் எடுத்துக்காட்டினார். 1966 இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். அவ்வகைச் சிகிச்சை பெறுவோரிடம் இச்சையே குன்றிவிடுகிறது. அது மனைவி மீதுள்ள அன்பு குன்றியதன் அறிகுறியன்று, மருந்தின் செயல். இவ்வொரு வாக்கியத்தை மட்டும் ஒரு மனைவியிடம் எவரேனும் சொல்லியிருந்தால், எத்தனை வீடுகளிற் கண்ணீர் குறைந்திருக்கும்!

நேர்குடல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் நடைபெறும் சத்திரசிகிச்சையும் இதே நரம்புகளைத் தாக்கலாம். விதையிற் புற்றுநோய் கண்ட இளைஞர் ஒரு விதையை இழந்தால் ஆண்மை போய்விடும் என அஞ்சுகின்றனர். எஞ்சிய விதை நலமாக இருப்பின் பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் இரசாயன சிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் விந்தணு உற்பத்தியைக் கெடுக்கக்கூடும். உறைய வைத்த விந்தணுவால் குழந்தை பிறக்கலாம் என்பது 1953 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் அயோவாவில் நிரூபிக்கப்பட்டுவிட்டது. சிகிச்சை தொடங்குமுன் சேமித்து வைப்பதே அதற்குரிய காலம். தொடங்கிய பின் வருந்துவதிற் பயனில்லை.

1998 இல் விற்பனைக்கு வந்த வயாகரா முதலிய மாத்திரைகள் பலருக்கு உதவுகின்றன. நரம்பு அழிந்துவிட்டால் அவை அதிகம் பயன் தருவதில்லை. இச்சையையும் அவை உண்டாக்கா. நெஞ்சு நோவுக்கு நைத்திரேற்று வகை மருந்து உட்கொள்வோர் அவற்றைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் சடுதியாக வீழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். நாணத்தால் வைத்தியரை விடுத்து, என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத லேகியங்களை மறைவாக வாங்குவோர் இதனை மனத்திற் கொள்க.

மாதர் அறிய வேண்டியவை

இலங்கைப் பெண்களிடையே அதிகமாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோய். முன்னாளில் மார்பு முழுவதையும் அதன் கீழுள்ள தசையோடு அகற்றுவதே முறையாயிருந்தது. தக்க நோயாளருக்குக் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்ச் சிகிச்சை அளித்தாலும் உயிர் காப்பதிற் குறைவில்லை என்பதை பேர்னாட் ஃபிஷர் என்பவர் தலைமையில் நடந்த ஆய்வு 1985 இல் வெளிப்படுத்தியது. எனினும் மார்பை இழக்க நேரும் பெண்கள் இன்றும் பலர். தழும்பைக் கணவர் கண்டால் அருவருப்பாரோ என்னும் அச்சமே அவர்களை அதிகம் வாட்டுகின்றது. நரம்புகள் அறுபடுவதால் அவ்விடம் மரத்துப்போதலும் இயல்பு. இதனைக் கணவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

இரசாயன சிகிச்சையும் ஓமோனைத் தடுக்கும் மாத்திரைகளும் மாதவிடாயைக் காலத்துக்கு முன்பே நிறுத்திவிடலாம். உடல் அனல் பறப்பதும், உறக்கம் கெடுவதும், யோனியின் உட்சுவர் வறண்டு உறவின்போது நோவெடுப்பதும் இதனால் விளைவன. நோவைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது மனைவியின் கடமை எனப் பல பெண்கள் எண்ணுகின்றனர். அது தவறு. வறட்சிக்கென வாரத்திற் சில நாட்கள் இடும் களிம்புகளும், உறவின்போது பூசும் நீர்ச்சத்துள்ள ஜெல் வகைகளும் உண்டு. தேங்காயெண்ணெய் றப்பர் உறையைச் சிதைத்துவிடும். ஆதலின் இரண்டையும் சேர்த்துப் பாவித்தலாகாது. ஈஸ்ட்ரஜன் ஓமோன் கலந்த களிம்பை மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் தம் வைத்தியரைக் கேளாமற் பாவித்தல் கூடாது.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களிடம் யோனியின் சுவர்கள் தழும்பேறி, ஒடுங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். இதனைத் தடுப்பதற்கு மழமழப்பான சிறு உருளைக் கருவிகளைக் கொடுத்து, அவற்றைப் பாவிக்கும் முறையை வைத்தியரும் தாதிமாரும் கற்பிப்பர். இஃது இன்பத்துக்காக மட்டுமன்று; பிற்காலத்தில் வைத்தியர் உள்ளே சோதித்து, நோய் மீண்டும் வந்துள்ளதா எனப் பார்ப்பதற்கும் வழி திறந்திருத்தல் வேண்டும். கணவனை இழந்தவர்க்கும் மணமாகாதவர்க்கும் இவ்வறிவுரை வேண்டும் என்பதை இதனால் உணரலாம்.

மாதவிடாய் நின்றுவிட்டதெனக் கருத்தடையைக் கைவிடுதலும் ஆபத்து. நின்றதாகத் தோன்றும் காலத்திலும் கரு உண்டாவதுண்டு. சிகிச்சைக் காலத்திற் கருவுறுவது குழந்தைக்குத் தீங்கு தரும். பின்னர் குழந்தை வேண்டும் என விரும்பும் இளம்பெண்கள், சிகிச்சைக்கு முன்பே முட்டைகளைச் சேமிப்பது பற்றி விசாரிக்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் தேவைப்படும். ஆகவே ஒவ்வொரு நாளும் பெறுமதி வாய்ந்தது.

வாய்ப் புற்றுநோயும் இதிற் சேரும்

இப்பிரச்சினை இனவிருத்தி உறுப்புகளின் நோய்க்கு மட்டும் உரியதெனக் கொள்ளற்க. இலங்கை ஆண்களிடையே முதலிடம் பெறுவது வெற்றிலை, பாக்கு, புகையிலை ஆகியவற்றோடு தொடர்புடைய வாய்ப் புற்றுநோய். தாடையின் ஒரு பகுதியை இழந்தவர் முத்தமிட நாணுவார். கதிர்ச் சிகிச்சையால் உமிழ்நீர் வற்றியவர், வாய் நாறுமோ என எண்ணி மனைவியின் அருகிற் செல்லவும் அஞ்சுவார். பேச்சுக் குழறுபவர் இனிய சொல் ஒன்றைச் சொல்லவும் தயங்குவார். இவையும் தாம்பத்திய இழப்புகளே. ஆயினும் ஒருவரும் இவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை.

தேவையற்ற அச்சங்கள்

சில அச்சங்களை உடனே களைந்துவிடலாம். புற்றுநோய் உடலுறவினால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. உடலுக்கு வெளியிலிருந்து செலுத்தப்படும் கதிர்ச் சிகிச்சையினால் நோயாளியின் உடம்பு கதிர் வீசுவதில்லை. அவர் அருகில் உறங்கலாம், குழந்தையை அணைக்கலாம். கதிரியக்கப் பொருளை உடலினுள் வைத்துச் செய்யும் சிகிச்சையாயின் எத்தனை நாள் விலகியிருக்க வேண்டும் என்பதை வைத்தியரே சொல்வார்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைப் பற்றி ஒன்று கூற வேண்டும். அதற்குக் காரணமான பப்பிலோமா வைரசு உடலுறவினாற் பரவுவது உண்மை. இதைக் கேட்டவுடன் கணவர் மனைவியையும் மனைவி கணவரையும் சந்தேகிக்கத் தொடங்குகின்றனர். அவ்வைரசு உலகில் மிகச் சாதாரணமானது. பெரும்பாலோரின் உடம்பு அதனைத் தானே அகற்றிவிடும். சிலரில் மட்டும் பல்லாண்டுகள் தங்கிப் பின்னர் நோயாகின்றது. ஆகவே இந்நோய் ஒருவரின் ஒழுக்கத்துக்குச் சாட்சியாகாது. இலங்கையிற் பாடசாலை மாணவிகளுக்கு 2017 ஆம் ஆண்டிலிருந்து இவ்வைரசுக்கு எதிரான தடுப்பூசி ஏற்றப்படுகின்றது. பெற்றார் அதனைத் தடை செய்யாதிருத்தல் நன்று.

தேவையான எச்சரிக்கைகளும் உண்டு. இரசாயன சிகிச்சை பெற்ற சில நாட்களுக்கு மருந்தின் எச்சம் உடற்றிரவங்களில் இருக்கலாம். அக்காலத்தில் உறை அணிதல் வேண்டும். குருதிச் சிறுதட்டுகளும் வெண்குருதிக் கலங்களும் மிகக் குறைந்திருக்கும் நாட்களில் இரத்தப்போக்கும் கிருமித் தொற்றும் எளிதில் ஏற்படும். அந்நாட்களில் விலகியிருப்பதே நலம்.

பாயை விலக்கும் அன்பு

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். மார்பகச் சத்திரசிகிச்சை முடிந்து மனைவி வீடு திரும்புகிறாள். அவளுக்கு நோகக்கூடாது, அவள் நன்றாக உறங்கட்டும் எனக் கருதிக் கணவன் தன் பாயை விறாந்தைக்கு எடுத்துச் செல்கிறான். அவன் செய்தது அன்பினால். அறையில் தனித்துக் கிடக்கும் அவளோ, "என்னைக் காணச் சகியாமற் போய்விட்டார்" என எண்ணி விழித்திருக்கிறாள். காயம் ஆறுகிறது, பாய் திரும்புவதில்லை. அவன் அவள் அழைக்கட்டும் எனக் காத்திருக்கிறான். அவள் அவன் வரட்டும் எனக் காத்திருக்கிறாள். இவ்வாறு ஆண்டுகள் கழிகின்றன. இருவரிலும் குற்றமில்லை. ஆயினும், நோய் தொடாத ஒன்றை அவர்களின் மௌனம் அழித்துவிட்டது.

இதற்கு மருந்து வைத்தியசாலையில் இல்லை, அவ்வறையிலேயே உள்ளது. "உனக்கு நோகுமோ என்றுதான் விலகியிருக்கிறேன், நீ சொல்லும்போது வருகிறேன்" என ஒரு சொல் சொன்னாற் போதும். கை பற்றுதலும், தலை வருடுதலும், அருகிற் படுத்திருத்தலும் தாம்பத்தியத்தின் பகுதிகளே. புணர்ச்சி இயலாத காலத்திலும் அவை இயலும். அவற்றை நிறுத்தாதவர்கள் பின்னர் பழைய நிலையை அடைவதும் எளிது; அடைய இயலாவிடினும் அவர்கள் பிரிந்தவர்களாக மாட்டார்கள்.

செய்யத்தக்கவை

மகரகமைக்கோ தெல்லிப்பழைக்கோ வேறெங்கோ சிகிச்சைக்காகச் செல்லும் அன்பர்கள், வாயாற் கேட்க நாணமாயின், ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வைத்தியரிடமோ தாதியிடமோ கொடுக்கலாம். கேட்க வேண்டியவை நான்கே. இச்சிகிச்சை எமது தாம்பத்திய உறவை எவ்வாறு பாதிக்கும்? அப்பாதிப்பு எவ்வளவு காலம் நீடிக்கும், அதற்குப் பரிகாரம் யாது? எக்காலத்தில் விலகியிருக்க வேண்டும்? பிற்காலத்திற் குழந்தை வேண்டுமாயின் இப்போதே செய்ய வேண்டியது என்ன? இவற்றைச் சிகிச்சைக்கு முன்பே கேட்டல் வேண்டும். முன்னர் கேட்பவருக்கு வழிகள் பல. பின்னர் கேட்பவருக்குச் சிலவே.

உடன் செல்லும் மக்களும் மருமக்களும் ஓர் உதவி செய்யலாம். நோயாளியை வைத்தியருடன் அல்லது தாதியுடன் ஐந்து நிமிடம் தனியே விட்டு, அறைக்கு வெளியே நிற்கலாம். மொழி தெரியாத இடமாயின், தந்தைக்கு அவர் வயதொத்த ஆடவர் ஒருவரையும், தாய்க்கு அவள் வயதொத்த மாது ஒருத்தியையும் துணையாக அனுப்பலாம். வைத்தியத் துறையிற் சேர எண்ணிப் படிக்கும் மாணவர்களும் இதனை நினைவிற் கொள்வார்களாக. ஒருநாள் உங்கள் முன்னே ஒரு முதியவர் வந்தமர்ந்து, எல்லாவற்றையும் கேட்டு முடித்த பின்னும் எழுந்து செல்லத் தயங்குவார். அப்போது, "வேறு எதையும் கேட்க வேண்டுமா? வீட்டு வாழ்க்கையைப் பற்றியும் கேட்கலாம், ஐயா" என நீங்களே முதலிற் சொல்லுங்கள். அவர் எத்தனையோ நாட்களாக அச்சொல்லுக்காகக் காத்திருந்திருப்பார்.